கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் கார்பன் மோனாக்சைடாக மாற்றுவது: 5 சதுர செ.மீ. கலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிடித்து வைத்த கார்பன் டை ஆக்சைடைப் பயனுள்ள பொருளாக மாற்றும் வழிகளில், சிறிய ஆய்வகம் ஒன்று தானே அமைத்து இயக்கக்கூடியது மின்னாற்பகுப்பு. இங்கே 5 சதுர செ.மீ. பரப்புள்ள ஒரு கலத்தை எடுத்துக்கொண்டு, சிலிண்டரைத் திறப்பதிலிருந்து நம்பத்தகுந்த முதல் எண் கிடைக்கும் வரை என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

வரிசைதான் இதில் உயிர்நாடி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வினையூக்கியில் தொடங்குகிறார்கள். வாரக்கணக்கில் வெள்ளித் துகளைத் தயாரித்துப் பூசி, கலத்தை மூடி, மின்சாரம் கொடுத்த பிறகுதான் வெளிவரும் வாயுவை எப்படி அளப்பது என்று யோசிக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் ஃபாரடே திறன் (கொடுத்த மின்னோட்டத்தில் எத்தனை சதவீதம் விளைபொருளானது என்ற கணக்கு) 115 சதவீதம் என்று வந்து நிற்கும். எங்கே பிழை என்று அப்போது தேடுவது மிகக் கடினம். அதனால் இந்த வழிகாட்டியில் வாயுக் கணக்கு முதலில், அளவீடு அடுத்து, கலம் அதற்கடுத்து, வெள்ளி கடைசி.

1. ஏன் கார்பன் மோனாக்சைடு

முதல் முயற்சிக்கு இதைவிடப் பொருத்தமான விளைபொருள் இல்லை. வெள்ளியின் மேல் உருவாவது ஏறக்குறைய இரண்டே பொருள்கள்: கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். இரண்டும் வாயு. இரண்டுக்கும் ஒரு மூலக்கூறுக்கு 2 எலக்ட்ரான். அளப்பதும் கணக்கிடுவதும் எளிது.

பயனும் நேரடியானது. இந்த இரண்டின் கலவைதான் தொகுப்பு வாயு. அதிலிருந்து மெத்தனால் செய்யலாம். ஃபிஷர்-டிராப்ஷ் முறையில் டீசல் போன்ற திரவ எரிபொருள்களும் செய்யலாம்.

தாமிரத்தில் தொடங்க வேண்டாம். எத்திலீன் கிடைக்கும் என்ற ஆசை இழுக்கும். ஆனால் தாமிரத்தின் மேல் எத்தனால், மீத்தேன், ஃபார்மேட், அசிட்டேட், புரொப்பனால் என்று பல பொருள்கள் ஒன்றாக வரும். வாயுவையும் திரவத்தையும் தனித்தனியாக அளந்தால்தான் கூட்டுத்தொகை 100-ஐ நெருங்கும். வெள்ளியில் கணக்கு சரியாக வந்த பிறகு அங்கே போகலாம்.

2. முதலில் காகிதத்தில் கணக்கு

1 ஆம்பியர் மின்னோட்டம் முழுவதும் 2 எலக்ட்ரான் வினைக்குப் போனால், 25 டிகிரி செல்சியஸில் நிமிடத்துக்கு 7.6 மி.லி. வாயு உருவாகும். இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான்.

நம் கலத்தில் சதுர செ.மீ.க்கு 200 மில்லி ஆம்பியர் என்றால் மொத்தம் 1 ஆம்பியர். அதாவது நிமிடத்துக்கு 7.6 மி.லி. கார்பன் டை ஆக்சைடு வினைக்குத் தேவை. அதோடு முடியவில்லை. ஒரு கார்பன் மோனாக்சைடு உருவாகும்போது இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகளும் உருவாகின்றன. அவை இன்னொரு கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கார்பனேட்டாக்கிவிடுகின்றன. இந்த வினை நடப்பது எதிர்மின்வாயில். அந்தக் கார்பனேட், நடுவில் இருக்கும் சவ்வைக் கடந்து, ஆக்சிஜன் உருவாகும் நேர்மின்வாய்க்குப் போய், அங்கே மறுபடி கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது.

ஆக, 1 ஆம்பியருக்கு நிமிடத்துக்கு 15.2 மி.லி. காலியாகும். அதில் பாதிதான் விளைபொருள். எதிரயனிச் சவ்வு (முக்கியமாக எதிர்மின்னூட்ட அயனிகளைக் கடக்கவிடும் படலம்) வைத்த கலத்தில் ஒருமுறை செலுத்திய வாயுவில் 50 சதவீதத்துக்கு மேல் மாற்ற முடியாததற்குக் காரணம் இதுதான். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 50 மி.லி. கொடுங்கள். மூன்று மடங்குக்கு மேல் உபரி இருப்பதால், வாயுப் பற்றாக்குறையா வினையூக்கிக் கோளாறா என்ற குழப்பம் வராது.

மின்சாரத்தையும் இப்போதே கணக்கிட்டுவிடுவது நேர்மை. 3 வோல்ட்டில் 90 சதவீத ஃபாரடே திறன் என்றால், 1 கிலோ கார்பன் மோனாக்சைடுக்குச் சுமார் 6.4 யூனிட் மின்சாரம் ஆகும். அந்த 1 கிலோவுக்குள் போகும் கார்பன் டை ஆக்சைடு 1.57 கிலோ. ஒரு யூனிட் மின்சாரத்தை உற்பத்தி செய்ய 245 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்றால், கலம் விழுங்குவதைவிட மின்நிலையம் கக்குவது அதிகம். சூரிய ஒளி, காற்று, நீர், அணு மின்சாரம் இல்லாமல் இந்த வேலைக்குப் பொருளில்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

வாயுப் பக்கம்: 99.99 சதவீதமோ அதற்கு மேலோ தூய்மையுள்ள கார்பன் டை ஆக்சைடு, ஆர்கான், நைட்ரஜன் சிலிண்டர்கள், ரெகுலேட்டர்கள், மூன்று மாஸ் ஃப்ளோ கண்ட்ரோலர்கள் (வாயு ஓட்டத்தை அளந்து கட்டுப்படுத்துபவை), ஈரமூட்டும் குமிழ்க் குடுவை, சிறிய நீர்ப் பொறி (வாயுவோடு வரும் நீரைப் பிடிக்கும் குடுவை), வாயு குரோமட்டோகிராஃப் (வாயுக் கலவையைப் பிரித்து ஒவ்வொன்றின் செறிவையும் காட்டும் கருவி), அதைச் சரிபார்க்க மூன்று வெவ்வேறு செறிவில் அளவீட்டு வாயுக்கள்.

கலப் பக்கம்: நேர்மின்வாய்க்கு டைட்டானியம் ஓட்டத் தகடு (வாயுவோ கரைசலோ ஓடப் பள்ளங்கள் உள்ள தகடு), எதிர்மின்வாய்க்குத் துருப்பிடிக்காத எஃகு அல்லது கிராஃபைட் தகடு, டெஃப்லான் கேஸ்கெட்டுகள், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் திருகை இறுக்கும் கருவி), எதிரயனிச் சவ்வு, நுண்துளை அடுக்குள்ள கார்பன் தாள், இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் இழைத்தாள், பெரிஸ்டால்டிக் பம்ப். மின்சாரத்துக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர் வரை நிலையான மின்னோட்டம் தரும் கருவி போதும். விலையுயர்ந்த பொட்டன்ஷியோஸ்டாட் முதல் நாளிலேயே கட்டாயமில்லை.

0.1 மி.கி. வரை காட்டும் தராசு அவசியம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏன் என்று 9-ஆம் படியில் தெரியும்.

4. பாதுகாப்பு: கலத்தைத் தொடுவதற்கு முன்

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இவ்வளவு சிறிய கலம் என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். காற்றோட்டமில்லாத 30 கன மீட்டர் அறையில், 1 ஆம்பியரில் ஓடும் கலத்தின் வாயு முழுதும் கசிந்தால், மணிக்கு 14 பிபிஎம் (பத்து லட்சத்தில் 14 பங்கு) வரை செறிவு ஏறும். நாள் முழுதும் வேலை செய்பவருக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 35 பிபிஎம். மூன்று மணி நேரத்துக்குள் அதைத் தாண்டிவிடலாம்.

கலம், குரோமட்டோகிராஃபின் வெளியேற்றுக் குழாய் இரண்டும் புகைபோக்கி அடுக்குக்குள் (ஃபியூம் ஹூட், ஆவியை வெளியே உறிஞ்சும் ஆய்வகப் பெட்டி) முடிய வேண்டும். எச்சரிக்கைக் கருவி ஒன்று கலத்தருகிலும் இன்னொன்று ஆள் உட்காரும் இடத்திலும் இருக்கட்டும். புதியவர்கள் கலத்தின் வெளியேற்றை மட்டும் அடுக்குக்குள் விட்டுவிட்டு, குரோமட்டோகிராஃபிலிருந்து வருவதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு மின்வாய்களின் வெளியேற்றுக் குழாய்களையும் ஒன்றாக இணைக்காதீர்கள். ஒன்றில் எரியக்கூடிய வாயு, மற்றதில் ஆக்சிஜன்.

எதிர்மின்வாய்ப் பக்கத்தில் நிக்கல் உதிரிகளைத் தவிர்த்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடும் நிக்கலும் சேர்ந்தால் கொடிய நஞ்சான நிக்கல் கார்பொனைல் உருவாகக்கூடும்.

5. வாயுப் பாதை

சிலிண்டர், ரெகுலேட்டர், ஃப்ளோ கண்ட்ரோலர், ஈரமூட்டி, கலம், நீர்ப் பொறி, நைட்ரஜன் சேரும் இணைப்பு, குரோமட்டோகிராஃப், வெளியேற்று. இதே வரிசையில் கட்டுங்கள். ஈரமூட்டி கண்ட்ரோலருக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் வந்தால் ஈரம் உணரியைக் கெடுக்கும்.

ஈரமூட்டி எதற்கு? சவ்வு உலர்ந்தால் அதன் மின்தடை ஏறும். எதிர்மின்வாயில் நீர் குறைந்தால் கார்பனேட் உப்பு படிகமாகி வாயு வழியை அடைக்கும். முதலில் அறை வெப்பநிலை நீரே போதும்.

ஃப்ளோ கண்ட்ரோலரில் ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு. நைட்ரஜனுக்கு அளவு திருத்தப்பட்ட கருவியில் கார்பன் டை ஆக்சைடை விட்டால், உண்மையான ஓட்டம் திரையில் காட்டுவதில் சுமார் 0.7 மடங்குதான். கருவியோடு வரும் திருத்தக் காரணியைப் பயன்படுத்துங்கள். அடுத்தது, 'நியம நிலை' (வாயுவின் கன அளவைச் சொல்ல அடிப்படையாகக் கொள்ளும் வெப்பநிலை) என்று கருவி எதைச் சொல்கிறது என்பது. சில கருவிகளில் அது 0 டிகிரி, சிலவற்றில் 20 அல்லது 25 டிகிரி. 0-க்கும் 25-க்கும் இடையே 9 சதவீத வேறுபாடு உண்டு. கையேட்டைத் திறந்து பார்த்து, அந்த எண்ணைக் கருவியின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

பாதை முழுவதையும் 0.2 பார் அழுத்தத்தில் மூடி வைத்து, 10 நிமிடம் அழுத்தம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் கண்டுபிடியுங்கள். கசிவோடு தொடங்கிய எந்த எண்ணையும் பிறகு காப்பாற்ற முடியாது.

6. வெளிவரும் வாயுவை அளக்கும் ஏற்பாடு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் இரண்டு முறை படிப்பதானால் இதைப் படியுங்கள்.

உள்ளே 50 மி.லி. போனால் வெளியே 50 மி.லி. வராது. கார்பனேட்டாக மாறிய பகுதி சவ்வு வழியே மறுபக்கம் போய்விடுவதால், 1 ஆம்பியரில் வெளியே வருவது சுமார் 43 மி.லி.தான். உள்ளே போன ஓட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் எல்லா எண்களும் 16 சதவீதம் வீங்கிவிடும்.

இதைத் தவிர்க்க எளிய வழி, நிமிடத்துக்கு 10 மி.லி. நைட்ரஜனை நீர்ப் பொறிக்குப் பின் வெளியேற்றுப் பாதையில் சேர்ப்பது. நைட்ரஜனின் ஓட்டம் நமக்குத் தெரியும். குரோமட்டோகிராஃபில் கார்பன் மோனாக்சைடின் செறிவை நைட்ரஜனின் செறிவால் வகுத்து 10-ஆல் பெருக்கினால், கார்பன் மோனாக்சைடின் ஓட்டம் நேரடியாகக் கிடைக்கும். மொத்த ஓட்டம் என்ன, ஈரம் எவ்வளவு என்ற கவலையே இல்லை.

சோப்புக் குமிழ் ஓட்டமானியைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு சோப்புப் படலத்தில் கரைவதால் அதன் எண் சற்றுப் பிசகும்.

குரோமட்டோகிராஃபில் தாங்கு வாயுவாக (மாதிரியைக் குழல் வழியே சுமந்து செல்வது) ஆர்கானை வையுங்கள். ஹீலியத்தின் வெப்பக் கடத்துதிறன் ஹைட்ரஜனுடையதற்கு நெருக்கமானது. அதில் ஹைட்ரஜன் சரியாகத் தெரியாது. கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜனையும் பிரிக்க மூலக்கூறு சல்லடைக் குழல் வேண்டும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு அந்தக் குழலுக்குள் போனால் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. நாள் செல்லச் செல்ல உச்சங்கள் (ஒவ்வொரு வாயுவுக்கும் வரைபடத்தில் எழும் மேடுகள்) வரும் நேரம் முன்னால் நகர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். எனவே கார்பன் டை ஆக்சைடை வேறு வழியில் திருப்பிவிடும் வால்வு அமைப்பு இருக்க வேண்டும். நேரம் நகர்வது தெரிந்தால் குழலை 250 முதல் 300 டிகிரியில் சூடாக்கி மீட்டெடுங்கள். குழலின் உச்ச வெப்ப வரம்பை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

ஒவ்வொரு குரோமட்டோகிராமிலும் ஆக்சிஜன் உச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. காற்றோடு வரும் நைட்ரஜன் நம் அளவுகோலையே கெடுத்துவிடும்.

வாயுவை உலர்த்துவதற்குச் சோடா சுண்ணாம்பு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரப் பொருள்களை வைக்கக் கூடாது. அவை கார்பன் டை ஆக்சைடையே விழுங்கிவிடும். பனிக்கட்டி நீரில் வைத்த சிறு பொறி போதும். அந்தப் பொறியும் சிறியதாகவே இருக்கட்டும். 200 மி.லி. குடுவை வைத்தால், 43 மி.லி. ஓட்டத்தில் உள்ளே இருக்கும் வாயு முழுதாக மாற 20 நிமிடம் வரை ஆகும். இப்போது அளக்கும் எண் பழைய மின்னோட்டத்துடையதாக இருக்கும். 20 மி.லி. குடுவை நல்லது.

7. மின்பகுளி, நேர்மின்வாய், சவ்வு

மின்பகுளி 0.1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட். லிட்டருக்கு 10.0 கிராம். அயனி நீக்கிய நீரில் கரைத்து, அரை லிட்டரை நேர்மின்வாய்ப் பக்கம் மட்டும் சுழற்றுங்கள். நிமிடத்துக்கு 10 மி.லி. போதும்.

செறிவை ஏற்றினால் மின்தடை குறையுமே என்று 1 மோலாருக்குத் தாவ வேண்டாம். பொட்டாசியம் அயனி சவ்வைக் கடந்து எதிர்மின்வாய்க்குப் போய் உப்பாகப் படியும் வேகமும் ஏறிவிடும். முதல் ஒரு மணி நேரம் அழகாக ஓடும், பிறகு அடைத்துக்கொள்ளும்.

மலிவு என்று நிக்கல் நுரையை நேர்மின்வாயாக வைப்பது அடுத்த பிழை. அடர் காரத்தில் அது உறுதியானது. ஆனால் கார்பனேட் கடந்து வருவதால் நேர்மின்வாய்க் கரைசலின் காரத்தன்மை ஓட ஓடக் குறைகிறது. பைகார்பனேட்டாக மாறியதும் நிக்கல் கரையத் தொடங்கும். இரிடியம் ஆக்சைடு விலை அதிகம்தான், ஆனாலும் இந்த நிலையில் தாங்குவது அதுதான். அதைத் தாங்கும் அடிப்படையும் டைட்டானியமாகவே இருக்கட்டும். கார்பன் தாளை நேர்மின்வாயில் வைத்தால் அதுவே ஆக்சிஜனேற்றமடைந்து கரைந்துபோகும்.

சஸ்டெய்னியன் (எதிரயனிச் சவ்வு ஒன்றின் வணிகப் பெயர்) வகைச் சவ்வு குளோரைடு வடிவில் வரும். 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 24 மணி நேரம் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் அலசுங்கள். ஊறினால் விரியும் என்பதால் ஊறிய பிறகே அளவுக்கு வெட்டுங்கள். மின்வாயைவிட ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. அதிகம் இருக்கட்டும். அதன் பிறகு ஒரு நிமிடம்கூட உலரவிடக் கூடாது. உலர்ந்தால் விரிசல் விடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, எதிர்மின்வாய்ப் பொறியில் சேரும் நீரில்தான் தெரியும்.

8. கலத்தை மூடுதல், ஹைட்ரஜன் சோதனை

முதல் முறை கலத்தை மூடும்போது வெள்ளி வேண்டாம். பூச்சில்லாத கார்பன் தாளை எதிர்மின்வாயாக வையுங்கள்.

கேஸ்கெட்டின் தடிமன்தான் தாள் எவ்வளவு நசுங்கும் என்பதை முடிவு செய்கிறது. தாள் 0.32 மி.மீ. என்றால் கேஸ்கெட் 0.25 மி.மீ. எடுங்கள், சுமார் 22 சதவீதம் நசுங்கும். கேஸ்கெட் தடித்துவிட்டால் தாள் தகட்டைச் சரியாகத் தொடாது, மின்தடை ஏறும். மெலிந்துவிட்டால் துளைகள் நசுங்கி வாயு நுழையாது. கார்பன் இழை சவ்வைக் குத்தவும் செய்யும்.

திருகுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். கலம் தயாரித்தவர் சொல்லும் டார்க் அளவை முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்து மூன்றில் இரண்டு, பிறகு முழு அளவு. ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தகடு சாய்ந்துவிடும்.

மின்பகுளியை விடும் முன் இரண்டு தகடுகளுக்கு இடையே மல்ட்டிமீட்டர் வையுங்கள். சில ஓம் மட்டும் காட்டினால் எங்கோ குறுக்குத் தொடர்பு இருக்கிறது. திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது சோதனை. எதிர்மின்வாய்க்குக் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கானை நிமிடத்துக்கு 50 மி.லி. விட்டு, 0.5 ஆம்பியர் கொடுங்கள். ஹைட்ரஜன் ஒன்றுதான் வர வேண்டும். அதுவும் நிமிடத்துக்கு 3.8 மி.லி. நைட்ரஜன் 10 மி.லி. சேர்வதால், குரோமட்டோகிராஃபில் ஹைட்ரஜன்-நைட்ரஜன் விகிதம் 0.38 வர வேண்டும். 0.37-க்கும் 0.39-க்கும் இடையில் இருந்தால் உங்கள் அளவீடு நம்பத்தகுந்தது.

0.34 வந்தால் கசிவு, அல்லது நைட்ரஜன் கண்ட்ரோலரில் பிழை. 0.42 வந்தால் அளவீட்டு வாயுவையும் நியம வெப்பநிலையையும் மறுபடி சரிபாருங்கள். இது சரியாகும் வரை அடுத்த படிக்குப் போகவே கூடாது. விடை முன்பே தெரிந்த ஒரே சோதனை இதுதான். கார்பன் மோனாக்சைடு அளவீட்டில் பிழை வந்தால் யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாது, இங்கே தெரியும்.

இதே ஓட்டத்தில் கார்பன் மோனாக்சைடு உச்சம் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் குழாயில் பழைய வாயு தங்கியிருக்கிறது.

9. வெள்ளி எதிர்மின்வாய்

100 நானோமீட்டருக்குக் குறைந்த வெள்ளித் துகள் 20 மி.கி., ஐசோபுரொப்பனால் 2 மி.லி., நீர் 0.5 மி.லி., 5 சதவீத அயனோமர் (துகள்களை ஒட்டவைக்கும், அயனி கடத்தும் பாலிமர்) கரைசல் 40 மி.கி. இதில் அயனோமர் வெள்ளியில் பத்தில் ஒரு பங்கு. அயனோமர் குறைந்தால் துகள் உதிரும், கூடினால் துகளைப் போர்த்தி வாயுவைத் தடுக்கும்.

முதலில் வெள்ளியில் நீரை விட்டு நனைத்து, பிறகு ஐசோபுரொப்பனால், கடைசியில் அயனோமர். மீயொலிக் குளியலில் 30 நிமிடம் வைக்கவும். குளியலில் பனிக்கட்டி போடுங்கள். சூடேறினால் கரைப்பான் ஆவியாகி, துகள் கட்டிதட்டிவிடும்.

3×3 செ.மீ. கார்பன் தாளை எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள். 80 டிகிரி சூடான தட்டில், நுண்துளை அடுக்கு மேலே இருக்கும்படி ஒட்டுங்கள். அந்த அடுக்கு வழவழப்பாக, விரிசல் கோடுகளோடு தெரியும். பின்பக்கத்தில் இழைகள் தனித்தனியாகத் தெரியும். பக்கம் மாறிப் பூசினால் மை இழைகளுக்குள் இறங்கி, சவ்வைத் தொடாமலே போய்விடும்.

ஏர்பிரஷை 10 செ.மீ. உயரத்தில் பிடித்து, மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகு அடுத்தது. தாள் ஈரமாகப் பளபளத்தால் மை அதிகம். புகைபோக்கி அடுக்குக்குள், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஐசோபுரொப்பனால் ஆவி எளிதில் தீப்பிடிக்கும்.

பாதி மை காற்றோடு போய்விடும் என்று எதிர்பாருங்கள். அதனால்தான் 9 மி.கி. பூச 20 மி.கி. எடுத்தோம். உலர்ந்த தாளை மறுபடி எடைபோடுங்கள். எடை 9 மி.கி. கூடியிருந்தால் சதுர செ.மீ.க்கு 1 மி.கி. எடுத்துக்கொண்ட அளவை வைத்து 'பூசியது 2 மி.கி.' என்று எழுதிவைத்தால், பிறகு வரும் ஒப்பீடுகள் எல்லாமே பொய்யாகிவிடும். தராசு கேட்டது இதற்காகத்தான். இதிலிருந்து கலத்துக்கு வேண்டிய 5 சதுர செ.மீ.யை வெட்டிக்கொள்ளுங்கள்.

10. தொடக்கம்

வெள்ளியோடும் புதிய சவ்வோடும் கலத்தை மூடி, கசிவும் குறுக்குத் தொடர்பும் பார்த்த பின்:

கார்பன் டை ஆக்சைடை 50 மி.லி. வேகத்தில் 20 நிமிடம் விடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் காற்று வெளியேற வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் மின்னோட்டம் முதலில் அதைத்தான் தேடிப் போகும்.

அடுத்து மின்பகுளி. குமிழ்கள் எல்லாம் போய் ஓட்டம் சீரானதும் மின்னோட்டம்: சதுர செ.மீ.க்கு 20, 50, 100, 150, 200 மில்லி ஆம்பியர். ஒவ்வொன்றிலும் 20 நிமிடம். மின்னழுத்தத்தை நிலையாக வைக்காமல் மின்னோட்டத்தை நிலையாக வையுங்கள். அப்போதுதான் வாயுக் கணக்குக்கு ஒரே ஒரு மாறாத எண் கிடைக்கும்.

100-இல் 3 வோல்ட்டை ஒட்டி வந்தால் நல்ல தொடக்கம். 4 வோல்ட்டைத் தாண்டினால் நிறுத்திவிட்டுத் தொடுதலையும் சவ்வையும் பாருங்கள். மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போவதால் அது சரியாகாது.

11. கணக்கு

1 ஆம்பியரில் குரோமட்டோகிராஃப் இப்படிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்: கார்பன் மோனாக்சைடு 12.9, ஹைட்ரஜன் 1.43, நைட்ரஜன் 18.8 சதவீதம்.

கார்பன் மோனாக்சைடு ஓட்டம்: 12.9 ÷ 18.8 × 10 = 6.86 மி.லி. இதை 7.6-ஆல் வகுத்தால் 90 சதவீதம். ஹைட்ரஜன்: 1.43 ÷ 18.8 × 10 = 0.76 மி.லி., அதாவது 10 சதவீதம். கூட்டுத்தொகை 100.

95-க்கும் 105-க்கும் இடையில் கூட்டுத்தொகை வந்தால் ஏற்கலாம். வெளியே வந்தால் அந்தச் சோதனையையே தள்ளிவிடுங்கள். கூட்டுத்தொகை 88 வரும்போது கார்பன் மோனாக்சைடு எண்ணை மட்டும் எடுத்து எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த 12 சதவீத மின்னோட்டம் எங்கே போனது என்று தெரியாத வரை, மீதி 88-க்கும் உத்தரவாதமில்லை.

இன்னொரு சரிபார்ப்பு: நேர்மின்வாயிலிருந்து வரும் வாயுவையும் ஒருமுறை குரோமட்டோகிராஃபில் விடுங்கள். கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் 2:1 என்ற விகிதத்தில் வந்தால், கார்பனேட் கடந்துபோகும் கணக்கு சரி. கார்பன் மோனாக்சைடு அங்கே தெரிந்தால் சவ்வில் ஓட்டை.

ஆற்றல் திறனுக்கு, 1.33 வோல்ட்டைக் கலத்தின் மின்னழுத்தத்தால் வகுத்து ஃபாரடே திறனால் பெருக்குங்கள். 3 வோல்ட், 90 சதவீதம் என்றால் 40 சதவீதம்.

12. ஓடும்போது வரும் கோளாறுகள்

மின்னழுத்தம் மெல்ல ஏறி, உள்ளே போகும் வாயுவின் அழுத்தமும் ஏறினால் உப்புப் படிவு. திறந்தால் ஓட்டத் தகட்டின் பள்ளங்களில் வெள்ளைப் படிகம் தெரியும். மின்னோட்டத்தை நிறுத்தி, எதிர்மின்வாய்ப் பக்கம் 5 மி.லி. அயனி நீக்கிய நீரை மெதுவாகச் செலுத்தி, வாயுவால் உலர்த்தித் தொடரலாம். அடிக்கடி வந்தால் மின்பகுளியை 0.05 மோலாருக்கு இறக்குங்கள். அல்லது சீசியம் பைகார்பனேட்டுக்கு மாறுங்கள், அதன் உப்பு அதிகம் கரையும்.

மின்னழுத்தம் அப்படியே இருக்க, ஹைட்ரஜன் மட்டும் ஏறிக்கொண்டே போனால் வெள்ளப்பெருக்கு: தாளின் துளைகளில் நீர் நிரம்பி, வாயு வெள்ளியை அடைய முடியவில்லை. பொறியில் நீர் வேகமாகச் சேரும். ஒருமுறை நனைந்த தாளை உலர்த்தினாலும் நீர் விலக்கும் தன்மை பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. புதிய மின்வாய் பூசுங்கள். உப்பும் துளைக்குள் நீரை இழுத்துவரும் என்பதால் இந்த இரண்டு கோளாறுகளும் பல நேரம் சேர்ந்தே வரும்.

முதல் நிமிடத்திலிருந்தே ஹைட்ரஜன் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உலோக மாசு என்று சந்தேகியுங்கள். இரும்பு, நிக்கல் நுண்ணளவில் வெள்ளியின் மேல் படிந்தாலே ஹைட்ரஜன் பாதை திறந்துவிடும். மலிவான பைகார்பனேட், துருவேறிய இணைப்பு, எஃகுக் கரண்டி என்று எங்கிருந்தும் வரலாம். உயர்தூய்மை உப்புக்கு மாறுங்கள், அல்லது கரைசலைக் கீலேட்டிங் பிசின் (உலோக அயனிகளைப் பிடித்துவைப்பது) வழியே விட்டெடுங்கள்.

13. நிறுத்துவது

மின்னோட்டத்தைச் சுழிக்குக் கொண்டுவந்த பிறகும் கார்பன் டை ஆக்சைடை 10 நிமிடம் விடுங்கள். அடுத்து மின்பகுளியை வடித்து, நேர்மின்வாய்ப் பக்கம் அயனி நீக்கிய நீரைச் சுழற்றுங்கள். கடைசியில் எதிர்மின்வாய்ப் பாதையை நைட்ரஜனால் 15 நிமிடம் கழுவி, எச்சரிக்கைக் கருவி சுழியைக் காட்டிய பிறகே கலத்தைத் திறக்கலாம். சவ்வை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் நீர்த்த பைகார்பனேட்டில் மூழ்க வையுங்கள்.

14. பிடித்த வாயுவுக்கு மாறும்போது

இதுவரை சிலிண்டர் வாயு. புகையிலிருந்து பிடித்த கார்பன் டை ஆக்சைடில் ஆக்சிஜன், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், அமீன் ஆவி ஆகியவை ஒட்டிக்கொண்டு வரலாம்.

ஆக்சிஜனின் விலையை முன்கூட்டியே கணக்கிடலாம். 50 மி.லி. ஓட்டத்தில் 1 சதவீதம் ஆக்சிஜன் என்றால் நிமிடத்துக்கு 0.5 மி.லி. ஒரு மூலக்கூறுக்கு 4 எலக்ட்ரான் என்பதால் அது முழுதும் ஒடுக்கமடைந்தால் 0.13 ஆம்பியரைத் தின்றுவிடும். 1 ஆம்பியரில் 13 சதவீதம் வீண். உபரி ஓட்டம் எவ்வளவு அதிகமோ, இழப்பும் அவ்வளவு அதிகம். அதனால் மாசுள்ள வாயுவில் ஓட்டத்தை 50-இலிருந்து 25 மி.லி.க்கு இறக்கிப் பாருங்கள்.

கந்தக டை ஆக்சைடு, அமீன் ஆவி ஆகியவற்றுக்குக் கலத்துக்கு முன் செயலூட்டிய கரி அடுக்கு வையுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் துத்தநாக ஆக்சைடு அடுக்கும் வேண்டும்; வெள்ளி கறுக்கத் தொடங்கிவிட்டால் அந்த மின்வாயை மீட்பது கடினம்.

எல்லா மாசையும் ஒரே நாளில் சேர்த்து விடாதீர்கள். முதலில் தூய வாயுவில் சதுர செ.மீ.க்கு 200 மில்லி ஆம்பியரில் 10 மணி நேரம் நிலையாக ஓடட்டும். பிறகு தூய வாயுவோடு 1 சதவீதம் ஆக்சிஜன் மட்டும். அதன் இழப்பு மேலே சொன்ன 13 சதவீதத்தை ஒட்டி வந்த பிறகு, கரி அடுக்கோடு பிடித்த வாயு. ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு மணி நேரம் தூய வாயுவுக்குத் திரும்பி, பழைய எண் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மாசு தற்காலிகமாக மின்னோட்டத்தைப் பங்குபோட்டது; வராவிட்டால் வெள்ளியையே கெடுத்துவிட்டது.